லாம்

ஆண்டறிக்கையில் நாற்பத்தொன்றாம் பக்கம் என்னுடையது.
வராத துன்பங்களை வரிசையில் நிறுத்தி
ஒவ்வொன்றின் வாலிலும் ஒரு 'லாம்' கட்டிவிடுவது
என் உத்தியோகம்.
எழுதுவது ஆங்கிலத்தில்தான்.
ஆனால் மனசுக்குள் தமிழில் சொல்லிப் பார்க்காமல்
ஒரு வரியையும் அனுப்புவதில்லை.

விலை சரியலாம்.
தைவானில் நிலம் அசையலாம்.
எங்கோ ஒருவர் போடும் கையெழுத்தில்
நமக்கு ஒரு துறைமுகம் மூடலாம்.
மின்சாரம் கண் சிமிட்டலாம்.
போன ஜூனில் சிமிட்டியது, கால் நொடி.
அடுப்பிலிருந்த பதினோராயிரம் சில்லுகள்
எதையும் பிடித்துவைக்கத் தெரியாமல் வெளியே வந்தன.
ரொஹாயு தட்டுத் தட்டாக எண்ணினாள்,
கையுறைக்குள் விரல் வியர்க்க.
அந்த வருட அறிக்கையிலும் அது
'சிமிட்டலாம்' என்றே நின்றது.

நாங்கள் செய்வது நினைவகம்.
பெயர்தான் பெரிது, உள்ளே ஓட்டைப் பானை:
அறுபத்து நான்கு மில்லிநொடிக்கு ஒருதரம்
சொன்னதையே திரும்பச் சொல்லாவிட்டால்
படித்ததை விட்டுவிடும்.
இயக்குநர் குழுவுக்கு மட்டும்
மூன்று மாதத்துக்கு ஒருதரம் சொன்னால் போதுமாம்.

ஏழாவது ஆபத்து:
வருவாயில் நூற்றுக்கு அறுபத்திரண்டு
ஒரே வாடிக்கையாளர்; அவரை இழக்கலாம்.

கடிதம் வந்துவிட்டது. மூன்றே வரி.
நன்றி என்ற சொல் அதில் இரண்டு முறை.
கோலாலம்பூரிலிருந்து தலைவர் அழைத்தார்:
புதுப் பங்குகள் விற்று முடியட்டும்,
போன வருட வாக்கியமே இருக்கட்டும்.
நிதிப் பொறுப்பிலிருக்கும் பத்மநாதன்
கண்ணாடியைத் துடைத்துக்கொண்டே சொன்னார்,
"இழக்கலாம்னா பொய் இல்லையேம்மா.
இழந்தவனும் இழக்கலாம்தானே, இலக்கணப்படி."

ஆறாவது மாடி ஜன்னலில்
ஜெரெஜாக் தீவு விளக்கில்லாமல் கிடந்தது.
கீழே பாயான் லெப்பாஸ் தெருவில்
இரவு ஷிப்டுக்கான பேருந்துகள்.
பட்டர்வொர்த்திலிருந்து ஒன்று, நிபோங் திபாலிலிருந்து ஒன்று.
இறங்குகிறவர்கள் கழுத்து அட்டையைத்
தொட்டுப் பார்த்துக்கொள்கிறார்கள்.
ரொஹாயுவின் மைவிக்கு இன்னும் ஏழு வருடத் தவணை.
அதற்கு என் பட்டியலில் எண் கிடையாது.

ஏழாவது வரியில் வாலை வெட்டினேன்.
இழந்துவிட்டோம்.
அந்தப் புதன்கிழமை, இத்தனை சதவீதம்,
இத்தனை மாதத்துக்குக் கையிருப்பு.
இரவு ஒன்பது நாற்பதுக்கு அனுப்பினேன்.
அனுப்பிய பிறகுதான் பசித்தது.

ஊய் தியான் ஹோக் தானே இறங்கி வந்தார்.
எட்டாண்டுத் தலைமைச் செயல் அதிகாரி,
கையில் ரப்பர் பட்டை சுற்றிய கோப்பி-ஓ பொட்டலம்.
வேறு யார் பார்த்தார்கள் என்று கேட்டார்.
யாருமில்லை என்றேன்.
நின்றபடியே படித்தார்.
மேசையில் அவருடைய கைபேசி
மல்லாந்து விழுந்த வண்டுபோலச் சுற்றிச் சுற்றி அதிர்ந்தது.
தலைவரின் பெயர் ஒளிர்ந்தது, அணைந்தது, ஒளிர்ந்தது.
அவர் என் பென்சிலை வாங்கினார்.
அழிக்கப் போகிறார் என்று நினைத்தேன்.

புதனை அடித்துச் செவ்வாய் என்று எழுதினார்.
"கடிதம் செவ்வாய்க்கிழமை வந்தது.
ஒரு நாள் நான் வைத்திருந்தேன்."
அதன் கீழே கையெழுத்து.

அவர் அப்பாவுக்கு புக்கிட் மெர்தாஜாமில் லாரி ஓடியது.
ஓட்டியவர் நம் ஆள்.
அந்த வகையில் இவருக்குத் தமிழில் இரண்டு சொல் தெரியும்.
ஒன்றைச் சபையில் சொல்ல முடியாது.
லிஃப்ட் திறந்ததும் மற்றதைச் சொன்னார்:
"போலாம்."

கூப்பிடுகிறாரா, விடை கொடுக்கிறாரா,
நாளைக்கு இருவருக்கும் வேலை போகலாம் என்கிறாரா,
ஒரே விகுதிதான் எல்லாவற்றுக்கும்.
கேட்கவில்லை. கோப்பியில் பாதியை
என் குவளையில் ஊற்றியிருந்தார், அது இன்னும் சுட்டது.

காலை ஒன்பது மணிக்குப் பங்குச் சந்தை திறக்கும்.
அதில் லாம் இல்லை.